வயித்துல இருக்கற பிள்ளைக்கு மூளை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்காங்களா? காரைக்குடி பக்கத்துல இருந்து கிளம்புறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

எனக்கு ஊர் தேவகோட்டை. மதுரையில ஒரு ஸ்கேன் சென்டர்ல பதினாலு வருஷமா எம்ஆர்ஐ டெக்னீஷியனா இருக்கேன். ஊர்ப்பக்கம் யாருக்காவது "குழந்தை தலையில என்னமோ தெரியுதாம், எம்ஆர்ஐ எடுக்கணுமாம்"னு டாக்டர் சீட்டு எழுதிட்டா அரை மணி நேரத்துல எனக்கு போன் வந்துரும், பள்ளத்தூர்ல இருந்து வரும், கண்டனூர்ல இருந்து வரும், போன மாசம் கானாடுகாத்தான்ல இருந்து ஒரு அப்பத்தா பேசினாங்க, பேத்திக்காக. எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே, எப்ப எடுக்கணும், எடுத்தா என்ன தெரியும். போன்ல பாதி பாதியா சொல்றதை இங்க முழுசா எழுதிடறேன். நான் டாக்டர் இல்ல, மிஷின்ல உக்காந்து படம் எடுக்கறவ, அதனால எந்த முடிவும் உங்க டாக்டர்கிட்ட பேசித்தான் எடுக்கணும், ஆனா அந்தப் பேச்சுக்கு நீங்க தயாரா போகணும்னுதான் இதை எழுதறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், மிச்சமெல்லாம் இதுல இருந்துதான் வரும். கர்ப்பத்துல எடுக்கற எம்ஆர்ஐ "எதுக்கும் ஒருதடவை பார்த்துருவோம்"னு எடுக்கற ஸ்கேன் கிடையாது. ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும், சரியான வாரத்துல கேட்டாத்தான் சொல்லும்.

படி 1: எதுக்கு எழுதியிருக்காங்கன்னு ஒரு வரியில கேட்டுக்குங்க

சீட்டுல "எம்ஆர்ஐ ஃபீட்டல் பிரெய்ன்"னு மட்டும் இருந்தா பத்தாது. என்ன சந்தேகம்னு டாக்டர்கிட்ட கேட்டு அதே சீட்டுல எழுதி வாங்குங்க. நாங்க எந்தப் படத்தை கூடுதலா எடுக்கணும், ரிப்போர்ட் பண்ற ரேடியாலஜிஸ்ட் எந்த இடத்தை ரெண்டுதடவை பார்க்கணும்ங்கறது எல்லாமே அந்த ஒரு வரியை வச்சுத்தான்.

பொதுவா என்ன காரணத்துக்கு எழுதுவாங்கன்னா, அஞ்சாம் மாச ஸ்கேன்ல தலைக்குள்ள தண்ணி இருக்கற அறை பெருசா தெரிஞ்சிருக்கும், இதுதான் ரொம்ப அதிகம், ஊர்ல "தலையில தண்ணி"ன்னு சொல்லிருவாங்க. இல்லைன்னா மூளைக்குள்ள ரத்தக் கசிவு மாதிரி தெரிஞ்சிருக்கும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துக்கிட்ட ரெட்டைப் பிள்ளைகள்ல ஒண்ணு வயித்துலயே இறந்திருக்கும், இல்ல ஒண்ணுகிட்ட இருந்து இன்னொண்ணுக்கு ரத்தம் போற பிரச்சினை வந்து லேசர் பண்ணியிருப்பாங்க. அம்மாவுக்கு சிஎம்விங்கற வைரஸ், டாக்ஸோபிளாஸ்மாங்கற கிருமி மாதிரி தொற்று வந்திருக்கலாம், 2015, 2016ல பிரேசில்ல ஜிகா வைரஸ் வந்தப்ப பிள்ளைகளோட மூளை எப்படி அடிபட்டுச்சுன்னு பேப்பர்ல எல்லாரும் பார்த்தோமே, அது மாதிரி. பிள்ளைக்கு ரத்த சோகை அதிகமா இருக்கலாம், வளர்ச்சி ரொம்பக் குறைவா இருக்கலாம். அம்மா பைக்ல இருந்து விழுந்து வயித்துல அடிபட்டிருக்கலாம், இல்ல ஏதாவது ஒரு காரணத்தால அம்மாவோட பிபி திடீர்னு ரொம்ப இறங்கியிருக்கலாம். முந்தின பிள்ளைக்கு மூளையில ரத்தக் கசிவு வந்து, அம்மா அப்பா ரெண்டு பேரோட பிளேட்லெட் வகை ஒத்துப்போகாததுதான் காரணம்னு தெரிஞ்சிருந்தா அதுவும் பெரிய காரணம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். சொந்தத்துல கல்யாணமான்னு டாக்டர் கேட்டா நம்ம பக்கத்துல நிறையப் பேர் இல்லைன்னுடறாங்க. "அவுக மாத்தூர் கோயில், நாங்க இளையாத்தங்குடி கோயில், சொந்தமில்ல"ன்னு ஒரு ஆச்சி எங்கிட்டயே சொன்னாங்க, அப்பறம் பேசப் பேசத்தான் மாப்பிள்ளை அத்தை மகன்னு தெரிஞ்சுச்சு. நகரத்தார்ல குலம் பிரிக்கறது கோயிலை வச்சுத்தான், கோயில் வேறன்னா முறைக்கு சரி, ஆனா அத்தை மகனும் மாமன் மகளும் ரத்த சொந்தம்தான். மூளையில தெரியற சில பிரச்சினைகள் மரபணுவால வரும், சொந்தத்துல கட்டும்போது அதுல சிலதுக்கு வாய்ப்பு கூடும். அதனால மறைக்காம சொல்லுங்க, அதுல குற்றம் சொல்ல யாரும் உக்காந்திருக்கல.

படி 2: அல்ட்ராசவுண்ட் முழுசா முடிஞ்சிருச்சான்னு பாருங்க

எம்ஆர்ஐ வந்துட்டதால அல்ட்ராசவுண்ட் வேண்டாம்னு அர்த்தமில்ல. ரத்த ஓட்டத்தை டாப்ளர்ல பார்க்கறது, மூளையில சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிருக்கற புள்ளிகளைப் பார்க்கறது இதெல்லாம் அல்ட்ராசவுண்ட்லதான் நல்லாத் தெரியும். மூளையை மட்டும் குறிவச்சுப் பார்க்கற நியூரோசோனோகிராம்னு ஒண்ணு இருக்கு, பிள்ளை தலைகீழா இருந்தா உள்வழியா புரோப் வச்சு எடுப்பாங்க. அதை ஒரு ஃபீட்டல் மெடிசின் டாக்டர்கிட்ட, அதாவது வயித்துப் பிள்ளைக்குன்னே இருக்கற சிறப்பு டாக்டர்கிட்ட, எடுத்துட்டு அப்பறம் எம்ஆர்ஐக்கு வந்தா ரெண்டையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

அப்ப எம்ஆர்ஐ எதுக்கு? மாசம் ஏற ஏற பிள்ளையோட மண்டையோடு கெட்டியாகும், அப்ப அல்ட்ராசவுண்ட் அலை உள்ள போக சிரமப்படும், புரோப்புக்குப் பக்கத்துல இருக்கற பாதி மூளை மங்கலாத்தான் தெரியும். அம்மா உடம்பு பருமனா இருந்தாலோ பனிக்குடத்துல தண்ணி கம்மியா இருந்தாலோ இன்னும் கஷ்டம். எம்ஆர்ஐக்கு இந்தத் தடை இல்ல. மூளையோட மடிப்பு, உள்ள இருக்கற வெள்ளைப் பகுதி, பழைய ரத்தம், பின்மூளை எல்லாம் தனித்தனியா தெரியும். பிரிட்டன்ல 16 மையங்கள் சேர்ந்து ஒரு ஆய்வு பண்ணி 2017ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில வெளியிட்டாங்க. அல்ட்ராசவுண்ட்ல மூளை அமைப்புல குறைன்னு சந்தேகம் வந்த 570 பிள்ளைகளை எடுத்துக்கிட்டு கடைசியில எது சரியா வந்துச்சுன்னு பார்த்தப்ப அல்ட்ராசவுண்ட் மட்டும் 68 சதவீதம், எம்ஆர்ஐயும் எடுத்தப்ப 93 சதவீதம். மூணுல ஒண்ணுக்கு மேல கேஸ்ல சிகிச்சை முடிவே மாறிச்சு. ஆனா அந்த 570 பேரும் ஏற்கனவே சந்தேகம் வந்தவங்க, அதனால எல்லா கர்ப்பிணியும் எடுக்கணும்னு இதை வச்சு யாராவது சொன்னா நம்பாதீங்க.

படி 3: வாரக்கணக்கு, இதுதான் முக்கியம்

இதை கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா அவசரப்பட்டு எடுத்து திரும்ப எடுக்கறவங்கதான் அதிகம்.

18 வாரத்துக்கு முன்னாடி எடுத்து பிரயோஜனம் இல்ல, மூளை அவ்வளவு சின்னது. அமைப்புல குறை இருக்கான்னு பார்க்க 20, 22 வாரத்துல இருந்து எடுப்பாங்க. மூளையோட மடிப்பையும் அடிபட்ட தழும்பையும் பார்க்க 26 வாரத்துல இருந்து 32 வாரம் நல்ல நேரம். 20 வாரத்துல பிள்ளையோட மூளை உரிச்ச முட்டை மாதிரி வழவழன்னு இருக்கும், அப்பறம்தான் ஒவ்வொரு பள்ளமா ஒரு ஒழுங்குல விழும். அதனால எது நார்மல்ங்கறது வாரத்துக்கு வாரம் மாறும். தேதி மூணு வாரம் தப்பா இருந்தா நல்லா இருக்கற மூளையையே வளர்ச்சி கம்மின்னு ரிப்போர்ட் பண்ண வாய்ப்பிருக்கு. கடைசி மாதவிலக்குத் தேதி சரியா நினைவில்லாதவங்க நிறைய, அதனால மூணாம் மாசத்துக்குள்ள எடுத்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை கட்டாயம் கொண்டு வாங்க, பிள்ளையோட நீளத்தை அளந்து போட்ட அந்தத் தேதிதான் ரொம்ப நம்பகமானது.

அடுத்து, அடிபட்ட நேரத்துக்கும் படம் எடுக்கற நேரத்துக்கும் உள்ள இடைவெளி. இதை எங்க வீட்டுக் கதையை வச்சே சொல்றேன். என் சித்தி பொண்ணு, ஒரே நஞ்சுக்கொடி ரெட்டைப் பிள்ளை, 21 வாரத்துல ஒண்ணு துடிப்பு நின்னுருச்சு. சித்தி அன்னிக்கே எனக்கு போன் பண்ணி அழுதுகிட்டே "நாளைக்கே எம்ஆர்ஐ எடுத்துருடி ஆத்தா, இன்னொண்ணு நல்லாருக்கான்னு தெரியணும்"னாங்க. நான் அவங்களுக்கு சொன்னதைத்தான் இங்கயும் சொல்றேன். ஒரே நஞ்சுக்கொடின்னா ரெண்டு பிள்ளைக்கும் ரத்தக் குழாய்கள் உள்ள இணைஞ்சிருக்கும், ஒண்ணோட இதயம் நிக்கும்போது உயிரோட இருக்கற பிள்ளையோட ரத்தம் அந்தப் பக்கம் சரிஞ்சிரும், அந்தக் கொஞ்ச நேரத்துல இதோட பிபி இறங்கி மூளைக்கு ரத்தம் பத்தாமப் போகலாம். அடி விழுந்திருந்தா அது அப்பவே விழுந்து முடிஞ்சது, அவசர அவசரமா பிள்ளையை வெளிய எடுத்தாலும் அது மாறாது, குறைமாசப் பிரச்சினைதான் கூட சேரும். ஆனா அந்த அடி படத்துல தழும்பா தெரிய மூணு நாலு வாரம் ஆகும். முதல் சில நாளுக்குள்ள டிஃப்யூஷன்னு ஒரு படத்துல புது அடி பளிச்சுன்னு தெரியலாம், அப்பறம் அந்த வெளிச்சம் மங்கிரும், இடைப்பட்ட நாள்ல எடுத்தா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். அந்த "ஒண்ணுமில்ல"யை நம்பி வீட்டுக்குப் போயிட்டா பின்னாடி வலிக்கும். எங்க பொண்ணுக்கு டாக்டர் சொன்னபடி 25 வாரத்துல எடுத்தோம். அந்த நாலு வாரம் எப்படிப் போச்சுன்னு எங்க குடும்பத்துக்குத்தான் தெரியும்.

இன்னொரு கணக்கும் இதோட மோதும், சட்டக் கணக்கு. 2021ல திருத்தின கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் கருத்து போதும், 20ல இருந்து 24 வாரம் வரைக்கும் சட்டம் சொல்ற சில பிரிவினருக்கு ரெண்டு டாக்டர் கருத்து வேணும், 24 தாண்டிட்டா பிள்ளைக்குப் பெரிய குறைன்னு அரசு அமைச்ச மருத்துவக் குழு சொன்னாத்தான் முடியும். அந்தக் குழுவுல மகப்பேறு டாக்டர், குழந்தை டாக்டர், ரேடியாலஜிஸ்ட் அல்லது சோனாலஜிஸ்ட் இருப்பாங்க, விண்ணப்பம் கொடுத்து 3 நாளைக்குள்ள முடிவு சொல்லணும்னு விதி இருக்கு. "24 தாண்டினா ஒண்ணுமே பண்ண முடியாது"ன்னு பயந்து 22 வாரத்துல அரைகுறை படத்தை வச்சு முடிவெடுக்கறவங்களையும் பார்த்திருக்கேன், விஷயமே தெரியாம காலம் போனவங்களையும் பார்த்திருக்கேன். உங்க முடிவு எதுவா இருந்தாலும் இந்தக் கணக்கை டாக்டர்கிட்ட முதல் நாளே நேரா கேட்டுருங்க. கூடவே ஒண்ணு, ஆணா பெண்ணான்னு எந்த ஸ்கேன்லயும் கேக்காதீங்க, சொல்றதும் குற்றம், கேக்கறதும் குற்றம்.

படி 4: எங்க எடுக்கறதுன்னு போன் போட்டு கேளுங்க

மிஷின் இப்ப நம்ம பக்கத்துலயே வந்துருச்சு. ஆனா மிஷின் இருக்கறதும், வயித்துப் பிள்ளையோட மூளையை எடுத்துப் பழகினவங்களும் படிக்கத் தெரிஞ்சவங்களும் இருக்கறதும் வேற வேற. முழங்காலும் முதுகுத்தண்டும் பார்க்கற ரேடியாலஜிஸ்ட் எல்லாருக்கும் இது கைவந்துராது. பக்கத்து ஊர் பொண்ணு ஒண்ணு வேற ஒரு இடத்துல எடுத்துட்டு வந்த ரிப்போர்ட் எங்கிட்ட வந்துச்சு, ஒரே வரி, "நார்மல்"னு. வாரக்கணக்கு போடல, அளவு போடல, டிஃப்யூஷன் எடுக்கவே இல்ல. அது திரும்ப ஒருதடவை காசும் கொடுத்து மனசும் நொந்து எடுக்க வேண்டியதாப் போச்சு.

அதனால போன்ல மூணு விஷயம் கேளுங்க. மாசத்துக்கு எத்தனை கர்ப்பிணிக்கு பிள்ளை மூளை எடுக்கறீங்க, ரிப்போர்ட் யார் பண்றாங்க, டிஃப்யூஷனும் ரத்தம் பார்க்கற படமும் சேர்த்து எடுப்பீங்களா. தடுமாறினா வேற இடம் பாருங்க. எவ்வளவு ஆகும், சிடி தருவீங்களான்னு அப்பவே கேட்டுருங்க. காரைக்குடியில இருந்து மதுரைக்கு திருப்பத்தூர், மேலூர் வழியா ரெண்டு மணி நேரம், திருச்சியும் கிட்டத்தட்ட அதே தூரம், சென்னைக்குன்னா காலையில பல்லவன் ரயில் இருக்கு. ரெண்டு மணி நேரத்துல ஒரு நல்ல இடம் இருக்கும்போது பக்கத்துத் தெருன்னு எடுக்காதீங்க. அரசு மருத்துவமனையில பார்க்கறவங்க சிவகங்கை மருத்துவக் கல்லூரியில இல்ல புதுக்கோட்டையில காட்டி, அங்க இருந்து மதுரைக்கு ரெஃபர் பண்ணினா அந்த சீட்டையும் பிக்மி நம்பரையும் (அரசு தர்ற கர்ப்பப் பதிவு எண்) காப்பீட்டு அட்டையையும் கையில வச்சுக்குங்க.

படி 5: பயம்

எம்ஆர்ஐயில எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். காந்தத்தோட பலத்தை டெஸ்லான்னு சொல்லுவாங்க, 1.5 டெஸ்லா மிஷினும் 3 டெஸ்லா மிஷினும் ரெண்டுமே கர்ப்பிணிகளுக்குப் பயன்படுத்தறாங்க. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 2003ல இருந்து 2015 வரைக்கும் 14 லட்சத்துக்கு மேல பிரசவங்களைப் பார்த்து ஒரு ஆய்வு 2016ல வந்துச்சு, முதல் மூணு மாசத்துல எம்ஆர்ஐ எடுத்த அம்மாக்களோட பிள்ளைகளுக்குக் கூட அதனால பாதிப்பு கூடினதா தெரியல. ஆனா அதே ஆய்வுல கேடோலினியம்ங்கற மருந்தை ஊசியா ஏத்தின அம்மாக்களோட பிள்ளைகளுக்கு சில பிரச்சினைகள் அதிகமா இருந்துச்சு. பிள்ளை மூளை பார்க்க அந்த ஊசி தேவையே இல்ல. கான்ட்ராஸ்ட்னு சொல்றது அந்த ஊசியைத்தான், யாராவது "கான்ட்ராஸ்ட் போடலாமா"ன்னு கேட்டா உங்க டாக்டருக்கு உடனே போன் பண்ணுங்க.

படி 6: முதல் நாளும் காலையும்

எங்க வேலையில பாதி நேரம் போறது இதுலதான், அதனால விலாவாரியா சொல்றேன். உடம்புல ஒரு குண்டூசி கூட இருக்கக் கூடாது. புடவை கட்டிட்டு வந்தா ஊக்கு எங்கயாவது இருக்கும், ஜாக்கெட் கொக்கி இருக்கும், தலையில பூ வச்சா பூவுக்கு அடியில ஹேர்பின் இருக்கும், அதை அவங்களே மறந்திருப்பாங்க. நைட்டி, இல்ல கொக்கி ஜிப் இல்லாத சுடிதார் போட்டுட்டு வாங்க, பெரும்பாலும் அங்க கவுன் தருவாங்க. மூக்குத்தி திருகாணி இறுகிப் போய் இருக்கும், அங்க வந்து கழட்டறேன்னு சொல்லி ஒரு மணி நேரம் கண்ணீர் விட்டவங்களைப் பார்த்திருக்கேன், ரெண்டு நாள் முன்னாடியே ஆசாரிகிட்ட போய் லேசா தளர்த்தி வச்சுக்குங்க. மெட்டி, கொலுசு, அரைஞாண், பயந்துக்கக் கூடாதுன்னு பெரியவங்க கட்டிவிட்ட தாயத்து, எல்லாம். வளைகாப்பு முடிஞ்ச கையோட வந்தா கண்ணாடி வளையல் பரவாயில்ல, நடுவுல போட்ட உலோகக் காப்பு வேண்டாம்.

தாலி. இதைப் பேசாம விட முடியாது. தங்கம் காந்தத்துல இழுபடாது, ஆனா சங்கிலிக் கொக்கியிலயும் பத்தவச்ச இடத்துலயும் வேற உலோகம் கலந்திருக்கலாம், சூடாகலாம், படமும் கெடும், அதனால கழட்டித்தான் ஆகணும். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு, அதுவும் பிள்ளை வயித்துல இருக்கும்போது, இது எவ்வளவு வேதனைன்னு எனக்குத் தெரியும். முதல் நாளே வீட்டுல மஞ்சள் கயித்துல ஒரு மஞ்சள் துண்டு கட்டி சாமி முன்னாடி வச்சு கழுத்துல போட்டுட்டு, சங்கிலியைக் கழட்டி மாமியார் கையிலயோ அம்மா கையிலயோ கொடுத்துட்டு வாங்க. அந்த மஞ்சள் கயிறோட உள்ள வரலாம். இதை முதல்லயே சொல்லிட்டா ரூம் வாசல்ல சண்டை வராது.

இதயத்துல பேஸ்மேக்கர், மூளையில கிளிப், காதுல காக்ளியர் இம்ப்ளான்ட், எலும்புல பிளேட், எது இருந்தாலும் போன்லயே சொல்லணும். சர்க்கரைக்கு கையில சென்சார் ஒட்டியிருந்தா அதையும். பல் அடைச்சது பிரச்சினை இல்ல.

சாப்பாடு இடத்துக்கு இடம் மாறும். சில இடத்துல சில மணி நேரம் சாப்பிடாம வரச் சொல்லுவாங்க, வயிறு நிறைஞ்சா பிள்ளை துள்ளும்னு. இன்சுலின் போடறவங்க டாக்டரைக் கேக்காம பட்டினி கிடக்காதீங்க. உள்ள போறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு வாங்க, இந்த ஸ்கேனுக்கு மூத்திரம் அடக்க வேண்டியதில்ல.

படி 7: உள்ள என்ன நடக்கும்

குளிரும், போர்வை கேளுங்க. காதுல பஞ்சோ ஹெட்போனோ வைப்போம், ஏன்னா மிஷின் டம் டம்முனு அடிக்கும். மல்லாந்து படுத்தா கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அமுக்கி தலை சுத்தலாம், அதனால இடது பக்கமா சாய்ச்சு தலையணை வச்சுப் படுக்க வைப்போம். பெரும்பாலும் கால் முதல்ல உள்ள போகும், தலை மிஷினோட வாசல் பக்கத்துல இருக்கும், அதனால மூச்சு முட்டற மாதிரி பயம் குறையும். வயித்து மேல காயில்னு ஒரு தட்டு வைப்போம், கனமா இருக்காது. கையில ஒரு பெல் இருக்கும், எப்ப அமுக்கினாலும் நிறுத்திருவோம். கூட ஒருத்தர் உள்ள நிக்கலாமான்னு கேளுங்க, அவங்களுக்கும் உலோகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

1983ல ஸ்காட்லாந்துல அபர்டீன்லதான் வயித்துப் பிள்ளையோட எம்ஆர்ஐ படத்தை முதல்ல வெளியிட்டாங்க. அந்தக் காலத்து மிஷினுக்கு ஒரு படம் எடுக்க நிமிஷக்கணக்கா ஆகும், பிள்ளை அசைஞ்சா எல்லாம் கலைஞ்சிரும், அதனால அம்மாவுக்கு மயக்க மாத்திரை, சில இடத்துல தொப்புள்கொடி வழியா பிள்ளைக்கே அசையாம இருக்க ஊசி கூட போட்டாங்க. பீட்டர் மான்ஸ்ஃபீல்டுன்னு ஒருத்தர், 2003ல நோபல் பரிசு வாங்கினவர், அவர் மாதிரி ஆளுங்க வேகமா படம் எடுக்கற வழியைக் கண்டுபிடிச்சதாலதான் இன்னிக்கு ஒரு சீவலை, அதாவது மூளையை வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படத்தை, ஒரு செகண்டுக்குள்ள எடுக்க முடியுது. இப்ப யாருக்கும் மயக்கம் தேவையில்ல.

ஆனா பிள்ளை அசையறது நின்னுராது. தலையோட நடுக்கோடு எங்க இருக்குன்னு பார்த்து அதுக்கு நேரா முன்பக்கம், பக்கவாட்டு, மேல இருந்துன்னு மூணு திசையில எடுக்கணும், நான் கோடு போட்டு முடிக்கறதுக்குள்ள பிள்ளை திரும்பிக்கும். திரும்ப கோடு போடணும். அதனாலதான் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஆகுது. நேரமாகுதுன்னா உள்ள ஏதோ கெட்டது பார்த்துட்டாங்கன்னு நினைக்காதீங்க, இதை தயவுசெஞ்சு மனசுல வச்சுக்குங்க, வெளிய வந்து எங்க முகத்தைப் பார்த்து பதில் தேடாதீங்க. எங்களுக்கு சொல்ல அனுமதி இல்ல, சொல்லவும் கூடாது.

எடுக்கற படங்கள்ல டி2ங்கறது அமைப்புக்கு, தண்ணி வெள்ளையா மூளை சாம்பலா தெரியும். டி1ங்கறது ரத்தம், கொழுப்பு பார்க்க உதவும். டி2 ஸ்டார்னு ஒண்ணு, பழைய ரத்தம் கன்னங்கரேல்னு தெரியும். டிஃப்யூஷன் புது அடிக்கு. அடிபட்டிருக்கான்னு கேள்வி இருக்கும்போது கடைசி ரெண்டும் இல்லாத ஸ்கேன் முழுமை இல்ல.

படி 8: ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கறது

முதல்ல வாரக்கணக்கு சரியான்னு பாருங்க. அடுத்து ஏட்ரியல் வித்னு ஒரு அளவு இருக்கும், தண்ணி அறையோட அகலம். 10 மில்லிமீட்டருக்குக் கீழ நார்மல். 10ல இருந்து 12 லேசு, 13ல இருந்து 15 நடுத்தரம், 15க்கு மேல அதிகம். லேசான அளவுல இருந்து, வேற எந்தக் குறையும் இல்லாம, தொற்றுக்கும் மரபணுவுக்கும் பண்ணின பரிசோதனைகளும் நல்லா வந்திருந்தா 90 சதவீதத்துக்கு மேல பிள்ளைகள் நல்லபடியா வளர்றாங்க. 11 மில்லிமீட்டர்னு பார்த்துட்டு வீடே இடிஞ்ச மாதிரி உக்கார வேண்டாம்.

ஹெமரேஜ்னு இருந்தா எங்க, எவ்வளவுன்னு கேளுங்க. தண்ணி அறையோட ஓரத்துல சின்னதா கசிஞ்சு நின்னது வேற, மூளைத் திசுவுக்குள்ளயே பாய்ஞ்சது வேற, முன்னதுக்கு நம்பிக்கை அதிகம். போரென்செஃபாலின்னா ஒரு பகுதி அழிஞ்சு குழியா நிக்குதுன்னு அர்த்தம். பாலிமைக்ரோகைரியான்னா மடிப்புகள் அளவுக்கு மீறி சின்னச் சின்னதா விழுந்திருக்கு, சீக்கிரமே நடந்த அடியிலயோ சிஎம்வியிலயோ மரபணுவாலயோ வரலாம்.

எங்க சித்தி பொண்ணு ரிப்போர்ட்ல இடது பக்கம் ஒரு சின்னக் குழி எழுதியிருந்துச்சு. ரேடியாலஜிஸ்ட், ஃபீட்டல் மெடிசின் டாக்டர், குழந்தை நரம்பியல் டாக்டர் மூணு பேரும் உக்காந்து ஒரு மணி நேரம் பேசினாங்க. வலது கை காலுல பலவீனம் வர வாய்ப்பிருக்கு, புத்தி எப்படி இருக்கும்னு படத்தை வச்சு உறுதியா சொல்ல முடியாதுன்னாங்க. அவளும் அவ வீட்டுக்காரரும் பிள்ளையைப் பெத்துக்கறதுன்னு முடிவு பண்ணினாங்க. அதே ரிப்போர்ட்டோட வேற ஒரு தம்பதி வேற முடிவு எடுத்திருக்கலாம், அதுவும் தப்பில்ல.

எம்ஆர்ஐ நார்மல்னு வந்தா எல்லாம் நல்லதுன்னு எழுதிக்கொடுத்த மாதிரியும் இல்ல. ஆட்டிசம் இதுல தெரியாது, கற்றல் குறைபாடு தெரியாது, பல மரபணு நோய்கள் தெரியாது, ஸ்கேனுக்கு அப்பறமோ பிரசவத்தப்பவோ மூச்சுத் திணறி வர்ற பாதிப்பு எப்படித் தெரியும்? நீங்க கேட்ட கேள்விக்கு அந்த வாரத்துல கிடைச்ச பதில், அவ்வளவுதான் அது.

படி 9: அடுத்து என்ன

குறை தெரிஞ்சா காரணத்தைத் தேடணும், இந்தப் பிள்ளைக்கு மட்டுமில்ல, அடுத்த பிள்ளைக்கும் அதுதான் உதவும். சிஎம்வி சந்தேகம்னா பனிக்குட நீர் எடுத்து பார்ப்பாங்க, 21 வாரத்துக்கு மேல, தொற்று வந்து ஆறு எட்டு வாரம் கழிச்சுத்தான் அது சரியா காட்டும். பிறந்ததும் 21 நாளைக்குள்ள பிள்ளையோட எச்சில் இல்ல சிறுநீரை சோதிக்கணும், அந்த நாள் தாண்டிட்டா வயித்துலயே வந்ததா வெளிய வந்ததான்னு பிரிக்க முடியாது, கூடவே காது பரிசோதனையும். ரத்தக் கசிவுன்னா அம்மா அப்பா பிளேட்லெட் சோதனை கேளுங்க, ஒத்துப்போகலைன்னு தெரிஞ்சா அடுத்த கர்ப்பத்துல மருந்து கொடுத்துத் தடுக்கப் பார்க்கலாம். பிள்ளைக்கு ரத்த சோகைன்னா வயித்துல இருக்கும்போதே ரத்தம் ஏத்தறாங்க.

பிரசவம் எங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. தாய்வீட்டுப் பிரசவம்தான் நம்ம வழக்கம், ஆனா தாய்வீட்டு ஊர்ல பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லைன்னா மதுரையிலயோ திருச்சியிலயோ ஒரு மாசம் வீடு பிடிச்சுத் தங்கறது நல்லது. முத்துலட்சுமி ரெட்டி அம்மா பேர்ல அரசு தர்ற 18,000 ரூபாய் உதவிக்கு பிக்மி பதிவு சரியா இருக்கான்னு பார்த்துக்குங்க, அந்த அம்மா நம்ம பக்கத்து புதுக்கோட்டையில பிறந்தவங்க.

பிறந்த பிறகு பிள்ளைக்கு ஒரு எம்ஆர்ஐ எடுப்பாங்க. பிசியோதெரபிக்கு கை கால் இறுகற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மாவட்டத்துக்கு ஒண்ணு இளம் வயது இடையீட்டு மையம்னு அரசு வச்சிருக்கு, அங்க முதல் மாசங்கள்லயே பதிஞ்சுருங்க. எங்க சித்தி பொண்ணோட பிள்ளைக்கு இப்ப மூணு வயசு, வலது கை கொஞ்சம் மெதுவா வரும், ரெண்டு வயசுல நடந்தான், வாரத்துக்கு மூணு நாள் அவங்க ஆயாதான் தெரபிக்குத் தூக்கிட்டுப் போறாங்க.

கடைசியா அந்த சிடி. ரிப்போர்ட் பேப்பரை போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பினா எந்த டாக்டராலயும் கருத்து சொல்ல முடியாது, படத்தை அவங்க கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கணும். சிடியை ரெண்டு காப்பி வாங்கி ஒண்ணை பென்டிரைவ்லயும் போட்டு, பிள்ளையோட தடுப்பூசி அட்டை இருக்கற அதே கவர்ல வைங்க, பிறந்த பிறகு எடுக்கற எம்ஆர்ஐயோட சேர்த்துப் பார்க்க அதைத்தான் முதல்ல கேப்பாங்க.